தில்லி பால்கனியில் வருடம் முழுக்கப் பச்சை

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். திருச்சியிலிருந்து வந்து தில்லி மயூர் விஹாரில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறீர்கள். மேற்குப் பார்த்த பால்கனி ஒன்று, சமையலறையை ஒட்டிக் கிழக்கே சின்னதாக இன்னொன்று. மொட்டையாகாமல் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கிற செடிகளைத் தொட்டியில் வளர்க்க ஆசை. நர்சரியில் தளதளவென்று இருப்பதைத்தான் பார்த்து வாங்குகிறீர்கள். ஜூனில் பாதி போய்விடுகிறது, ஜனவரியில் மீதி. தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், உரமும் போடுகிறீர்கள். கறிவேப்பிலைகூட நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் வருத்தம் அதிகம் தெரிகிறது.

உங்கள் கைராசியில் ஒரு குறையும் இல்லை. திருச்சியில் தினமும் தண்ணீர் ஊற்றினால் செடி வளரும். அது அந்த ஊருக்குச் சரியான பழக்கம். தில்லியில் அதே பழக்கம் ஒரு மாதம் போதாமல் போகும், இன்னொரு மாதம் செடியையே கொன்றுவிடும். பசுமை மாறாச் செடிகளுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். இலை உதிர்க்கும் செடி குளிர்காலத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுச் சும்மா இருக்கும். இவை அப்படி இருக்க முடியாது. பன்னிரண்டு மாதமும் இலையில் இருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட வேர் பன்னிரண்டு மாதமும் வேலை செய்தாக வேண்டும்.

தரையில் நட்ட மரத்துக்கு இது பெரிய சிரமம் இல்லை. மண்ணில் இரண்டடிக்குக் கீழே பகல் இரவு வித்தியாசமே அநேகமாகத் தெரியாது. வெயில் ஏறினாலும் பனி இறங்கினாலும் ஆழத்தில் உள்ள வேருக்குச் செய்தி மெதுவாகத்தான் போகும். தொட்டி வேருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வெளியே காற்று எவ்வளவு சூடோ, எவ்வளவு குளிரோ, கிட்டத்தட்ட அதுதான் வேருக்கும். 2021 ஜனவரி முதல் தேதி தில்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி. 2024 மே கடைசியில் அதே இடத்தில் 46.8 டிகிரி. அதற்கு ஒரு மாதம் கழித்து, ஜூன் 28 அன்று, ஒரே நாளில் 228 மில்லிமீட்டர் மழை. பத்து லிட்டர் மண்ணுக்குள் மாட்டிக்கொண்ட வேர் இவை எல்லாவற்றையும் தாண்டி வர வேண்டும். அதனால் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி வேரைப் பற்றித்தான் இருக்கும். இலையில் தெரிவதெல்லாம் வேரில் நடந்ததன் பின்விளைவு.

முதலில் வெயில் வரும் திசை. தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு இதில் ஒரு குழப்பம் உண்டு. திருச்சியில் ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் வடக்குப் பக்கமாகவே இருக்கும். அதனால் கோடையில் வடக்குப் பால்கனியிலும் வெயில் விழும். தில்லி 28.6 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே நண்பகல் சூரியன் ஒருநாளும் வடக்கே போகாது. ஜூனில் கிட்டத்தட்ட 85 டிகிரி உயரத்தில், உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே நிற்கும். டிசம்பரில் 38 டிகிரிதான். இதனால் தெற்குப் பார்த்த பால்கனி இந்த ஊரில் ஒரு வரம்: ஜூனில் மேல்மாடித் தளமே நிழல் கொடுக்கும், டிசம்பரில் வெயில் சாய்வாக உள்ளே வரை வந்து தொட்டியைச் சூடேற்றும். அது உங்களிடம் இல்லை. சரி, இருப்பதை வைத்துப் பார்ப்போம்.

உங்கள் மேற்குப் பால்கனிதான் இருப்பதிலேயே கடினமானது. மே, ஜூனில் பகல் ஒரு மணியிலிருந்து ஏழு மணிவரை வெயில், கூடவே ராஜஸ்தான் பக்கத்திலிருந்து அடிக்கும் லூ என்கிற அனல்காற்று. அந்தக் காற்றில் ஈரமே இருக்காது. இலையிலிருந்து நீர் போகிற வேகத்துக்கு வேரால் ஏற்றிக் கொடுக்க முடியாது. மண் ஈரமாக இருந்தாலும் இலை ஓரம் கருகும். ஏப்ரல் நடுவிலிருந்து மழை இறங்கும்வரை, அதாவது ஜூன் கடைசி அல்லது ஜூலை தொடக்கம்வரை, 50 சதவீதப் பச்சை நிழல்வலை ஒன்றைக் கட்டுங்கள். அழகாக இருக்காதுதான், ஆனால் அந்த இரண்டரை மாதத்துக்கு அதைவிட உருப்படியான செலவு வேறு இல்லை. மழை வந்ததும் கழற்றிவிடுங்கள். ஏ.சி.யின் வெளிப்பெட்டி அந்தப் பால்கனியில் இருந்தால், அதன் அனல் படுகிற பக்கம் எந்தத் தொட்டியும் வேண்டாம். லூ போதாதென்று இரவிலும் செடிக்கு அனல் அடிப்பது அநியாயம். கிழக்குப் பால்கனிக்குக் காலை வெயில் மட்டும் வரும் என்பதால், பெரும்பாலான பசுமை மாறாச் செடிகளுக்கு உங்கள் வீட்டில் அதுதான் நல்ல இடம். சின்னதாக இருந்தாலும் அருமையானவற்றை அங்கே வையுங்கள்.

அடுத்தது தொட்டி. நர்சரிக்காரர் கொடுக்கிற கருப்புப் பிளாஸ்டிக் தொட்டி நேர்வெயிலில் நின்றால், வெயில் படுகிற பக்கத்து மண் 50 டிகிரிகூடத் தொடும். 40-ஐத் தாண்டினாலே பெரும்பாலான வேர்நுனிகள் வேலையை நிறுத்திவிடும். ஜூனில் போன உங்கள் செடிகளை வெளியே எடுத்துப் பார்த்திருந்தால், மேற்குப் பக்கத்து வேர்கள் மட்டும் பழுப்பாகிச் செத்திருந்திருக்கும். சுட்ட மண்தொட்டி நல்லது; மண்பானையில் தண்ணீர் குளிர்வதுபோல அதன் சுவர் வழியாக ஈரம் கசிந்து ஆவியாகி உள்ளே இருப்பதைக் குளிர வைக்கும். ஆனால் அதே காரணத்தால் சீக்கிரம் காயும். மே மாதத்தில் இரண்டு வேளை தண்ணீர் ஊற்ற முடிகிறவர்களுக்குத்தான் அது சரி. முடியாதவர்கள் பிளாஸ்டிக் தொட்டியை அதைவிடப் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, நடுவில் உள்ள இடைவெளியைத் தேங்காய் நாரோ காய்ந்த இலையோ போட்டு நிரப்பிவிடலாம். உள்தொட்டி காயாது, வெளித்தொட்டி வெயிலை வாங்கிக்கொள்ளும். மேற்குப் பால்கனிக்கு நான் எல்லோருக்கும் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான். செடிகளை நெருக்கி வைப்பதும் உதவும். ஒன்றின் நிழல் இன்னொன்றின் தொட்டியில் விழும்.

தொட்டியின் அடியில் ஜல்லியோ உடைந்த ஓடோ இரண்டங்குலம் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். நர்சரிக்காரரும் அப்படித்தான் போடுவார். இது நடப்பதற்கு நேர்மாறு. எந்தத் தொட்டியிலும், ஓட்டை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அடியில் உள்ள கொஞ்சம் மண்ணில் தண்ணீர் வடியாமல் தங்கும். மண் துகள்களுக்கு நடுவில் உள்ள நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். அடியில் ஜல்லி இருந்தால் அந்த ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேருக்குக் கிடைக்கிற காற்றோட்டமான மண் இன்னும் இரண்டங்குலம் குறைந்துபோகும். ஓட்டையின் மேல் மண் ஒழுகாதபடி ஒரே ஒரு ஓட்டுத்துண்டோ கொசுவலைத் துண்டோ போதும். அந்த ஈர அடுக்கின் உயரம் மண்ணைப் பொறுத்ததே தவிரத் தொட்டியைப் பொறுத்ததல்ல. ஆழமில்லாத அகலத் தொட்டியில் பாதி மண் எப்போதும் சொதசொதவென்று இருப்பது இதனால்தான். புதர்ச்செடிக்கு ஆழமான தொட்டி வாங்குங்கள். அதேசமயம் சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைக்காதீர்கள். வேர் எட்டாத மண்ணில் இருக்கும் தண்ணீரை உறிஞ்ச ஆளில்லாமல் அது புளித்துப்போகும். இப்போது இருப்பதைவிட இரண்டங்குலம் அகலம் கூடினால் போதும்.

ஈரம் இருப்பது நல்லதுதானே என்று தோன்றலாம். வேரும் மூச்சு விடுகிறது. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். மண்ணின் இடைவெளிகள் முழுக்கத் தண்ணீராக நின்றால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் தண்ணீர் உறிஞ்ச முடியாது, இலை தொங்கும். தொங்குகிற இலையைப் பார்த்து நாம் இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். ஜனவரியில் உங்கள் வீட்டில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். குளிரில் வேர் உறிஞ்சுவது ஏற்கெனவே குறைந்துவிடும், அதிலும் வெப்பநாட்டுச் செடிகள் பத்து டிகிரிக்குக் கீழே கிட்டத்தட்டக் கையைக் கட்டிக்கொண்டுவிடும். தினமும் ஊற்றிய தண்ணீர் அப்படியே தேங்கியிருக்கும்.

அதனால்தான் மண்கலவை இவ்வளவு முக்கியம். தில்லி நர்சரிகளுக்கு நிறையச் செடிகள் ஆந்திராவின் கடியத்திலிருந்தும், புணேயிலிருந்தும், வங்காளத்திலிருந்தும் லாரியில் வருகின்றன. வழியில் மண் உதிராமல் இருக்கக் களிமண் உருண்டையில் வைத்து அனுப்புவார்கள். அந்த உருண்டையை அப்படியே நல்ல கலவையில் வைத்தால் இரண்டும் ஒட்டாது: சுற்றியுள்ள மண் ஈரமாக இருக்கும்போது உருண்டை கல்லாகக் காய்ந்திருக்கும், அல்லது சுற்றி எல்லாம் காய்ந்தபின்னும் உருண்டை மட்டும் நனைந்தே கிடக்கும். வாங்கிவந்தவுடன் கை வைக்காதீர்கள். இரண்டு வாரம் நிழலில் பழகட்டும். பிறகு, பருவம் சரியாக இருந்தால், ஒரு வாளித் தண்ணீரில் உருண்டையை ஊறவைத்து, வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்குக் களியை விரலால் மெதுவாகக் கரைத்துவிட்டு நடுங்கள். சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர்களை வெட்டிவிடலாம், பயம் வேண்டாம். சரியான பருவம் என்பது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை, அல்லது ஜூலை, ஆகஸ்ட். மே, ஜூனிலும் டிசம்பர், ஜனவரியிலும் வேரைத் தொடவே கூடாது.

கலவைக்கு நான் சொல்வது: மண் இரண்டு பங்கு, கரட்டு மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, கோக்கோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. கரட்டு மணலுக்குத் தில்லியில் கட்டடச் சாமான் கடையில் பதர்பூர் என்று கேளுங்கள். ஆரவல்லிப் பாறையின் சிவந்த கரட்டு மணல் அது. இன்றைய அசோலா பட்டி வனவிலங்கு சரணாலயம் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் இதைத்தான் வெட்டியெடுத்தார்கள். அப்படியே போடாமல் சல்லடையில் சலித்துத் தூளைத் தள்ளிவிட்டு, கழுவிப் போட வேண்டும். தூளோடு போட்டால் மண் சிமெண்டாக இறுகும். கோக்கோபீட் கட்டியை ஊறவைத்து இரண்டு முறை பிழிந்து அலசுங்கள், அதில் உப்பு இருக்கும். பொள்ளாச்சியிலிருந்து வருகிற சரக்காக இருந்தாலும் இதே முறைதான்.

இனி தண்ணீர். நாள்கணக்கு எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். விரலை ஒன்றரை அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் அடியோட்டை வழியாக வழிகிறவரை ஊற்றுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இப்படிப் பார்த்தால் மே மாதத்தில் மண்தொட்டிக்கு இரண்டு வேளையும், ஜனவரியில் அதே தொட்டிக்கு ஐந்தாறு நாளுக்கு ஒருமுறையும் வரும். வித்தியாசத்தைப் பாருங்கள். ஜூனில் விடியற்காலையிலேயே ஊற்றிவிடுங்கள். மொட்டைமாடித் தொட்டியில் நாள் முழுக்கக் காய்ந்து குழாயில் வருகிற தண்ணீர் பிற்பகலில் கை பொறுக்காத சூடு, அதை வேரில் ஊற்றக் கூடாது. மாலையில் ஊற்ற வேண்டியிருந்தால் காலையில் பிடித்து நிழலில் வைத்த வாளித் தண்ணீர். குளிர்காலத்தில் பகல் பதினொரு மணிக்கு மேல், வெயில் வந்தபின் ஊற்றுங்கள். ஜூலையில் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டுகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். தட்டில் நிற்கும் மழைத்தண்ணீர் வேரையும் கெடுக்கும், டெங்குக் கொசுவையும் வளர்க்கும்.

ஆர்.ஓ. எனும் குடிநீர் சுத்திகரிப்புக் கருவியின் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றலாமா என்று இந்த ஊரில் எல்லோரும் கேட்பார்கள். அது உள்ளே போகிற தண்ணீரைப் பொறுத்தது. ஒரு லிட்டர் குடிநீருக்கு மூன்று லிட்டர் வெளியேறுகிற வீட்டுக் கருவியில், வெளியேறும் நீரின் உப்பு உள்ளே போனதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடும். கிழக்கு தில்லிக்கு முராத்நகர் வழியாக வரும் கங்கைத் தண்ணீராக இருந்தால் கவலை இல்லை. உங்கள் அடுக்ககத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் கலந்தால் கணக்கு வேறு. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். கருவி மலிவாகக் கிடைக்கும், ஒருமுறை அளந்து பாருங்கள். 500-க்குள் இருந்தால் தாராளமாக ஊற்றுங்கள். ஆயிரத்தைத் தாண்டினால் தொட்டிச் செடிக்கு வேண்டாம். தரையைக் கழுவப் பயன்படுத்துங்கள். தரையில் உள்ள மரத்துக்கு மழை வந்து உப்பை ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். தொட்டியில் உப்பு போக இடமில்லாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். இலை நுனி பழுப்பாவதும், மண்தொட்டியின் வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூப்பதும் அதன் அடையாளம். மாதம் ஒருமுறை தொட்டிக் கொள்ளளவைப்போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அலசிவிடுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இருக்காது, அலசுவதற்கு அருமையானது.

இவ்வளவும் சரியாக இருந்தால், எந்தச் செடி என்பது பாதிச் சிக்கல்தான். மேற்குப் பால்கனிக்கு நான் முதலில் வைக்கச் சொல்வது நந்தியாவட்டை. இங்கே சாந்தினி என்று கேட்டால் கொடுப்பார்கள். வெயிலையும் தாங்கும், குளிரில் கொஞ்சம் சோர்ந்தாலும் மொட்டையாகாது, பூஜைக்குப் பூவும் கிடைக்கும். அரளியும் மேற்குக்கு உறுதியானது, உப்புத் தண்ணீரைக்கூடப் பொறுக்கும். நெடுஞ்சாலை நடுத்தடுப்புகளில் புகையிலும் தூசியிலும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதன் இலை, தண்டு, பால் எல்லாமே விஷம், இதயத்தைத் தாக்கும். வீட்டில் தவழ்கிற குழந்தையோ இலையைக் கடிக்கிற நாயோ இருந்தால் வேண்டவே வேண்டாம். காகிதப்பூ குளிரில் கொஞ்சம் இலை உதிர்க்கும், இருந்தாலும் அந்த வெயிலை விரும்புகிற செடி அது. போர்ச்சுலகேரியா என்கிற ஜேட் செடி தென்னாப்பிரிக்க வறண்ட காட்டிலிருந்து வந்தது. தண்ணீர் மறந்தால் மன்னிக்கும், அதிகமானால் மன்னிக்காது.

கிழக்கே காமினி வையுங்கள். கறிவேப்பிலைக்கு நெருங்கிய சொந்தம், அடர்ந்த பச்சை, மழைக்காலத்து இரவில் வாசனை வீடு முழுக்க வரும். சைனா ஆரஞ்சு என்று விற்கிற கலமொண்டின் இன்னொன்று. சின்னத் தொட்டியிலேயே காய்க்கும், குளிரைத் தாங்கும், புளிக்கிற அந்தப் பழத்தில் ஊறுகாய் நன்றாக வரும். அப்புறம் மகிழம். இங்கே மௌல்சிரி என்பார்கள். மெதுவாக வளர்வதால் பல வருடம் தொட்டியிலேயே வைத்திருக்கலாம். நம் ஊர்க் கோயில்களில் நிற்கிற மரம் தில்லியிலும் இலை வாடாமல் நிற்பதைப் பார்க்கும்போது எனக்குத் தனி சந்தோஷம். பெரிய மரமானால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஹுமாயூன் கல்லறைக்குப் பக்கத்தில் உள்ள சுந்தர் நர்சரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள்.

ரப்பர் செடி கிழக்கில் நன்றாக வரும், மேற்கில் இலை வெந்துபோகும். ஃபைகஸ் பெஞ்சமினாவை இடம் மாற்றினாலே பாதி இலையைக் கொட்டும். செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், அதே இடத்தில் விட்டால் மறுபடி துளிர்க்கும். இட்லிப்பூ எனும் வெட்சிக்கு இந்த ஊர் மண்ணின் காரத்தன்மை ஒத்துவராது. புதுத்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் தவிக்கிறது என்று அர்த்தம். இரும்புச் சத்து மண்ணில் இருக்கும், காரத்தால் கரையாது. கார மண்ணிலும் கரைந்தே இருக்கிற கீலேட் வடிவ இரும்பு வாங்கிக் கொடுத்தால் சரியாகும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கிற அரோக்கேரியாவை மேற்குப் பால்கனிக்கு வாங்காதீர்கள்.

காற்று மாசுக்காக அரேகா பனையும் ஸ்னேக் பிளான்டும் வாங்கச் சொல்லி உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். 1989-இல் நாசா செய்த ஆய்வுதான் இந்த நம்பிக்கைக்கு மூலம். அது காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள், சில ரசாயன ஆவிகளை வைத்துச் செய்தது. நவம்பரில் நம்மை இருமவைக்கும் நுண்துகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த ரசாயனங்களுக்குமேகூட, சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள்வரை வேண்டும் என்று 2019-இல் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தினர் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டார்கள். அழகுக்காக வாங்குங்கள், நுரையீரலுக்காக வாங்காதீர்கள். உண்மையில் உதவி செய்ய வேண்டியது நாம்தான். இந்தச் செடிகளின் ஒரே இலை ஒரு வருடத்துக்கு மேலும் தங்கும், அக்டோபரிலிருந்து விழுகிற தூசி அத்தனையும் அதன்மேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை, வெயில் உள்ள காலையில், இலையின் இரண்டு பக்கமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். கோடையில் இதே கழுவல் சிலந்திப்பேனையும் அடக்கும்.

இப்போது கறிவேப்பிலை. இங்கே மீட்டா நீம், கடி பத்தா என்று இரண்டு பெயரிலும் கிடைக்கும். நம் ஊரில் அது பசுமை மாறாச் செடி, தில்லியில் அப்படி இல்லை. இரவு வெப்பம் பதினைந்து டிகிரிக்குக் கீழே போனதும் வளர்ச்சி நிற்கும், டிசம்பர் கடைசியில் இலை மஞ்சளாகிக் கொட்டும், ஜனவரியில் குச்சியாக நிற்கும். அது சாவு அல்ல, தூக்கம். அந்தச் சமயத்தில் பதறிப்போய்த் தண்ணீரும் உரமும் கொடுத்ததில்தான் உங்கள் செடி போயிருக்கும் என்று நினைக்கிறேன். அக்டோபர் முடிந்ததும் உரத்தை நிறுத்துங்கள். இலை கொட்டத் தொடங்கியதும் தண்ணீரை வாரத்துக்கு ஒரு டம்ளராகக் குறையுங்கள். தொட்டியைச் சுவரோரம், காலை வெயில் படும் இடத்தில் வையுங்கள். தரையில் நேரடியாக வைக்காமல் ஒரு பலகையின்மேல். பனி கொட்டும் இரவுகளில் பழைய வேட்டியைப் போர்த்தலாம், காலையில் எடுத்துவிட வேண்டும். நகத்தால் தண்டைக் கீறிப் பாருங்கள்: உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பிப்ரவரி கடைசியில் நுனிகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு எரு போட்டால் மார்ச்சில் பக்கக் கிளைகளோடு வெடித்து வரும். புளித்த மோர் ஊற்றும் பழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். நிறையத் தண்ணீர் கலந்து எப்போதாவது ஊற்றினால் கெடுதல் இல்லை, ஆனால் தொட்டியில் அதை நம்பி எருவை விட்டுவிடாதீர்கள். பறவை எச்சம்போலத் தெரியும் சின்னப் புழு இலையில் இருந்தால் அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. செடி பெரிதென்றால் இரண்டு மூன்றை விட்டுவைக்கலாம், சின்னதென்றால் கையால் எடுத்துவிடுங்கள்.

உரம் எதற்குமே வளர்கிற பருவத்தில்தான்: பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல்வரை, பிறகு ஆகஸ்டிலிருந்து அக்டோபர்வரை. கடுகுப் பிண்ணாக்கு இங்கே எளிதாகக் கிடைக்கும்; மூன்று நாள் ஊறவைத்து, லேசான டீ நிறம் வரும்வரை தண்ணீர் விட்டு ஊற்றுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் அடியிலுள்ள பழைய இலைகள் நிறைய ஒன்றாக மஞ்சளாகி விழும். புதுத்தளிர் நன்றாக இருந்தால் அது இயல்பான இலைமாற்றம், ஒன்றும் செய்ய வேண்டாம். மாவுப்பூச்சி வந்தால் எறும்பு ஏறும். எறும்பைப் பார்த்ததும் இலைக்காம்புகளைத் தேடுங்கள். லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், நாலு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவம், மாலையில் தெளிக்க வேண்டும். மே, ஜூன் வெயிலில் எண்ணெய் இலையைக் கருக்கும். அப்போது தண்ணீரால் கழுவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மே, ஜூன் மாலைகளில் வரும் ஆந்தி எனும் புழுதிப்புயல் சொல்லாமல் வரும். பன்னிரண்டு அங்குலத் தொட்டி ஈரமண்ணோடு இருபது கிலோவைத் தாண்டும், மூன்றாம் மாடியிலிருந்து கீழே யார் நிற்பார்கள் என்று நமக்குத் தெரியாது. எல்லாம் தரையில், சுவரோரம்.

கடைசியாக, நீங்கள் எழுதாத, ஆனால் நடந்திருக்கும் என்று நான் நினைக்கிற ஒன்று. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருப்பீர்கள். தில்லித் தமிழர் வீடுகளில் பாதிச் செடிகள் ஜூனில் சாவது இதனால்தான். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே எல்லாத் தொட்டிகளையும் கிழக்குப் பால்கனிக்கு, வெயில் படாத மூலைக்கு நகர்த்தி நெருக்கி வையுங்கள். பூட்டிய அறைக்குள் வைக்காதீர்கள், அங்கே வெளிச்சமும் இருக்காது, காற்றும் இருக்காது. மண்ணின்மேல் இரண்டங்குலம் காய்ந்த இலையைப் பரப்புங்கள். சின்னத் தொட்டிகளுக்கு, ஒரு மூடிய வாளித் தண்ணீரை உயரமான ஸ்டூலில் வைத்து, மூடியில் துளையிட்டு, பருத்திக் கயிற்றின் ஒரு முனையை வாளியின் அடிவரையும் மறுமுனையைத் தொட்டி மண்ணில் மூன்றங்குலம் ஆழத்திலும் விட்டால் பத்து நாள் ஓடும். போகும் முன்னால் இரண்டு நாள் சோதித்துப் பாருங்கள், கயிறு சில சமயம் இழுக்காது. பெரிய தொட்டிகளுக்கு இது போதாது. பக்கத்து வீட்டு மாமியிடமோ வேலைக்கு வரும் அம்மாவிடமோ சாவி கொடுத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை காலை எட்டு மணிக்கு முன்னால் ஒவ்வொரு தொட்டிக்கும் எத்தனை சொம்பு என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள்.